கம்பிக்குள் போகும் கடிதம்: இரக்கமே!

பெருமைக்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! நான் என்ன பேசினாலும் மறுத்தே தீருவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைய அமர்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே கரும்பைக் கடித்தபடி தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிற குடும்பத்தாரே! 

தலைப்பு என்ன? 'சிறையில் இருப்பவரோடு முகம் தெரியாதவர்கள் கடித நட்புக் கொள்வது இரக்கமா? ஏமாளித்தனமா?' நாங்கள் இரக்கம் என்கிறோம். எனக்கு முன்னால் பேசிய சகோதரி எடுத்த எடுப்பிலேயே கேட்டாங்க. "கட்டின வீட்டுக்காரருக்கே ஒரு கடுதாசி எழுத எனக்கு நேரமில்லே, இதிலே ஜெயில்லே இருக்கிறவனுக்கு எழுதணுமா?" என்று. ஏம்மா, ஒரே வீட்டிலே இருக்கிற மனுஷனுக்கு எதுக்கும்மா கடுதாசி? அவர் ஒண்ணும் ஜெயில்லே இல்லையே? (சிரிப்பு) நீங்க சிரிக்கிறதைப் பார்த்தா, அதிலே ஏதோ சந்தேகம் இருக்கும்போல இருக்கு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சரி, விஷயத்துக்கு வருவோம். எதிரணி மூன்று வாதங்களை வைத்தார்கள். ஒன்று, கைதி ஏமாற்றுவான். இரண்டு, அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கைதிக்குக் கடிதம் எழுதப்போய் அது ஒரு கொலையில் முடிந்தது. மூன்று, கொன்றவனுக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, செத்தவன் வீட்டுக்கு யார் எழுதினார்கள்? இந்த மூன்றாவது கேள்வி வந்தபோது அரங்கமே கொஞ்ச நேரம் அடங்கிப் போயிற்று. நானும் கவனித்தேன். அதை மழுப்பிவிட்டுப் போனால் நான் இந்த மேடைக்கு லாயக்கில்லாதவன். ஆகவே அதற்குக் கட்டாயம் வருவேன்.

முதல் வாதம், ஏமாற்று. 1980களிலே நான் பள்ளிக்கூடத்துப் பையன். அப்போ பத்திரிகைகளிலே 'பேனா நண்பர்கள்' என்று ஒரு பகுதி வரும். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு. எல்லாருக்கும் ஒரே பொழுதுபோக்குதான், தபால்தலை சேகரித்தல்! தபால்தலையையே கண்ணாலே பார்க்காதவன்கூட அதைத்தான் எழுதுவான். (சிரிப்பு) எங்க ஊர் அண்ணன் ஒருத்தர் இப்படித்தான் ஒரு பெண் பேருக்கு ஆறு மாசம் கடிதம் எழுதினார். கவிதையெல்லாம் எழுதினார். கடைசியிலே நேரில் பார்க்கத் தூத்துக்குடிக்குப் போனார். பஸ் ஸ்டாண்டிலே இவரைவிடப் பெரிய மீசையோடு ஒரு ஆள் வந்து, "அண்ணே, நான்தான்" என்றானாம்! (பலத்த சிரிப்பு) அவன் எந்தச் சிறையிலே இருந்தான்? ஏமாற்றுகிறதுக்குக் கம்பி எண்ணணும் என்று கட்டாயம் ஒன்றும் கிடையாது.

ஆனால் சிரித்துவிட்டு நகர்ந்துவிட மாட்டேன். சிறைக்குள்ளேயிருந்தும் ஏமாற்று நடந்திருக்கிறது. அமெரிக்காவிலே லூசியானா மாநிலத்திலே அங்கோலா என்று ஒரு பெரிய சிறை. 1980களிலே அங்கே இருந்த ஆயுள் கைதி ஒருத்தன், துணை தேடும் விளம்பரம் கொடுத்து, தனிமையிலே வாடினவர்களுக்கு ஆசை வார்த்தை எழுதிப் பெரும்பணம் கறந்தான். அந்தப் பணத் தகராறு வளர்ந்து, 1987இலே பக்கத்து மாநிலத்திலே ஒரு நீதிபதியும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்படுகிற வரைக்கும் போனது. எதிரணிக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். நானே எடுத்துக் கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள். (கைதட்டல்) ஏன் கொடுக்கிறேன்? அதே அங்கோலா சிறைக்குப் போன இன்னொரு கடிதத்தைப் பற்றித்தான் இப்போது நான் பேசப்போகிறேன்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே போகிறேன். நம் ஊரிலே கைதிக்கு யார் எழுதுவார்கள்? பெற்றவள் எழுதுவாள், கட்டினவள் எழுதுவாள். ஊர் பேர் தெரியாதவர் எழுதுகிற பழக்கம் அமைப்பு அமைப்பாக வளர்ந்தது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும்தான். அதனாலே நானும் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் விமான டிக்கெட் தரமாட்டார்கள், மனசாலேயே போய்விட்டு வருவோம். (சிரிப்பு)

1982ஆம் ஆண்டு, ஜனவரி மாதம். ஹெலன் பிரஜான் என்று ஒரு கன்னியாஸ்திரி. ஆசிரியையாகவும் இருந்தவர். நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலே ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்கிற குடியிருப்பிலே தங்கி வேலை செய்துகொண்டிருந்தார். கைதிகளுக்காக உழைக்கிற நண்பர் ஒருவர் தெருவிலே பார்த்துக் கேட்கிறார். "மரண தண்டனைக் கைதி ஒருத்தருக்குக் கடித நண்பராக இருக்க முடியுமா?" இவர் "ஓ, இருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். ரேஷன் கடைக்குப் போகும்போது, "எனக்கும் ரெண்டு கிலோ சர்க்கரை வாங்கிட்டு வர்றியா" என்று கேட்டால் 'சரி' என்போமே, அந்த மாதிரி ஒரு 'சரி'. ஏன் இவ்வளவு சுலபமாகச் சொன்னார் தெரியுமா? லூசியானாவிலே 1961க்கு அப்புறம் ஒரு மரண தண்டனைகூட அதுவரை நிறைவேற்றப்படவில்லை. கடிதம் எழுதுவோம், அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

யாருக்கு எழுதினார்? பேட்ரிக் சோனியர் என்பவருக்கு. நல்லவரா? இல்லை. நான் ஒன்றும் பூசி மெழுகப் போவதில்லை. 1977 நவம்பரிலே, அண்ணன் தம்பி இரண்டு பேருமாகச் சேர்ந்து, காவலர்கள் என்று பொய் சொல்லி, தனியாக இருந்த ஓர் இளைஞனையும் இளம்பெண்ணையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பையனுக்கு 17 வயது, பெண்ணுக்கு 18. அந்தப் பெண்ணுக்கு நடந்த கொடுமையைக் குடும்பத்தோடு பார்க்கிற நிகழ்ச்சியிலே நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரையும் குப்புறப் படுக்க வைத்துத் தலையிலே சுட்டுவிட்டார்கள். தம்பிக்கு ஆயுள் தண்டனை. அண்ணன் பேட்ரிக்குக்கு மரண தண்டனை.

இந்த ஆளுக்குத்தான் அந்த அம்மா கடிதம் போட்டார். பதில் வந்தது. இவர் எழுதினார், அவர் எழுதினார். கொஞ்ச நாள் போனதும் ஒரு விஷயம் தெரிந்தது, இந்த மனிதரைப் பார்க்க யாருமே வருவதில்லை. சரி, நான் வருகிறேன் என்று எழுதினார். சிறை விதிப்படி ஏதாவது ஓர் உறவு சொல்ல வேண்டும். 'ஆன்மிக ஆலோசகர்' என்று பதிவு செய்துகொண்டார். அந்த ஒரு சொல்லுக்குள்ளே என்ன ஒளிந்திருந்தது என்றால், தண்டனை நிறைவேறும் நாளிலே, குடும்பத்தார் வெளியே போன பிறகும் கடைசி வரைக்கும் கூட இருக்க அனுமதி பெற்றவர் ஆன்மிக ஆலோசகர்தான். தபால்தலை ஒட்டிப் பெட்டியிலே போட்ட ஒரு கடிதம், இரண்டே வருஷத்திலே அவரை மின்சார நாற்காலி இருந்த அறைக்கே கொண்டுபோய் நிறுத்தியது. 1984 ஏப்ரல் 5. அந்த நேரத்திலே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று அவர் அந்த மனிதருக்குச் சொல்லியிருந்தார்.

இதை அவர் புத்தகமாக எழுதினார். 'டெட் மேன் வாக்கிங்', 1993. 1995இலே அதே பேரிலே படமாக வந்தது. அந்தக் கன்னியாஸ்திரியாக நடித்த சூசன் சரண்டனுக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. படம் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயும் இருப்பீர்கள்.

இப்போ எதிரணியின் மூன்றாவது கேள்வி. செத்தவன் வீட்டுக்கு யார் எழுதினது?

நண்பர்களே, இந்தக் கேள்வியை முதன்முதலாகக் கேட்டது எங்கள் எதிரணி இல்லை. அந்தக் கொலையுண்ட பையனுடைய தகப்பனார் கேட்டார். தண்டனையைக் குறைக்கச் சொல்லி மன்னிப்பு வாரியத்தின் முன்னால் மனு விசாரணை நடக்கிறது. ஒரு பக்கம் கைதிக்காகப் பேச வந்த கன்னியாஸ்திரி. மறுபக்கம் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர். அங்கே அந்தத் தகப்பனார் இந்த அம்மாவிடம் நேராகவே கேட்டார். இத்தனை நாளும் அவனைப் போய்ப் பார்த்தீர்களே சகோதரி, எங்களை ஒரு தடவையாவது வந்து பார்த்தீர்களா என்று. சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். (அமைதி)

அந்த அம்மா என்ன செய்தார்? ஏதாவது சமாதானம் சொன்னாரா? 'இது என் பெரிய தவறு' என்று தன் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டார். பயந்துகொண்டு ஒதுங்கியிருந்தேன் என்றார். அப்புறம் அந்தத் தகப்பனாரைத் தேடிப் போனார். இரண்டு பேரும் ஒரு சிற்றாலயத்திலே சேர்ந்து உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். பிற்பாடு நியூ ஆர்லியன்ஸிலே, கொலையிலே உறவைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காகவே 'சர்வைவ்' என்று ஓர் ஆதரவு அமைப்பை உண்டாக்கினார். எதிரணி நண்பர்களே, 'ஒன்று கைதிக்கு, அல்லது பாதிக்கப்பட்டவருக்கு' என்று தராசு பிடிக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை எழுதாமல் இருந்திருந்தால், அந்த அம்மா அந்தத் தகப்பனார் வீட்டுப் பக்கமும் போயிருக்கமாட்டார். செய்தித்தாளிலே படித்துவிட்டு 'ஐயோ பாவம்' என்று மடித்து வைத்திருப்பார், நாமெல்லாம் செய்கிறோமே அந்த மாதிரி. கைதிக்கு எழுதின கை தான் கடைசியிலே அந்த வீட்டுக் கதவையும் தட்டியது.

இன்னும் ஒன்று. கடைசி நேரத்திலே, ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டபோது, அந்த பேட்ரிக் சோனியர் அங்கே உட்கார்ந்திருந்த தகப்பனாரைப் பார்த்து, பேர் சொல்லி அழைத்து, மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். நான் கேட்கிறேன், கூண்டிலே அடைத்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்திருந்த மனிதன் வாயிலே அந்தச் சொல் வந்திருக்குமா? வெறுப்பை மட்டுமே வாங்கினவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்? இரண்டு வருஷமாக ஒருத்தருக்கு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறான். பதில் எழுத உட்கார்ந்தால், 'நான் யார், என்ன செய்தேன், இவங்க முகத்தை எப்படிப் பார்ப்பேன்' என்ற கேள்வி தானாக வரும். கடிதம் என்பது கைதிக்குக் கொடுக்கிற மிட்டாய் என்று நினைக்கிறார்கள் எதிரணியிலே. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சில நேரம் அது தண்டனையைவிடக் கடினமான வேலையை அவனிடம் வாங்குகிறது. (கைதட்டல்)

அந்தத் தகப்பனாரைப் போல எல்லாராலும் இருக்க முடியாது. மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்க நமக்கு உரிமையும் கிடையாது. அது அவர்கள் வீட்டு விஷயம், அவர்கள் நெஞ்சு விஷயம். நான் கேட்பது மன்னிப்பை இல்லை, ஒரு கடிதத்தை.

இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். நார்மன் மெய்லர். பெரிய எழுத்தாளர், 1980இலே புலிட்சர் பரிசு வாங்கினவர். அவருக்கும் ஜாக் ஆபட் என்கிற கைதிக்கும் கடிதப் போக்குவரத்து. சின்ன வயதிலிருந்தே பெரும்பாலும் சிறையிலேயே வாழ்ந்த ஆள், உள்ளேயே இன்னொரு கைதியைக் கொன்ற ஆள். ஆனால் எழுத்து? அபாரமான எழுத்து. அந்தக் கடிதங்களெல்லாம் 1981இலே புத்தகமாக வந்தன. பரோலிலே விடலாம் என்று மெய்லர் ஆதரித்து எழுதினார், வேலை தருவதாகவும் சொன்னார். 1981 ஜூனிலே ஆள் வெளியே வந்தார். ஆறு வாரம்தான். ஜூலை 18, நியூயார்க்கிலே ஒரு சாப்பாட்டுக் கடை. அங்கே வேலை பார்த்த 22 வயதுப் பையன், நாடகம் எழுதணும் என்று கனவோடு இருந்தவன், அவனைக் கத்தியாலே குத்திக் கொன்றார். மறுநாள் காலையிலே பேப்பரிலே அவர் புத்தகத்துக்குப் பாராட்டி மதிப்புரை வந்திருக்கிறது. ஆபட் திரும்பச் சிறைக்குப் போய், 2002இலே அங்கேயே தற்கொலை செய்துகொண்டார்.

எதிரணி சொன்னதிலே ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் இதிலே தவறு எங்கே? கடிதம் எழுதினதிலேயா? இல்லை நண்பர்களே, கடிதத்தை நன்னடத்தைச் சான்றிதழ் என்று நினைத்ததிலே. நன்றாக எழுதுகிறான், ஆகவே நல்லவன் என்று ஒரு கணக்குப் போட்டார்களே, அதிலே. நான் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன். நன்றாக எழுதுகிறவனெல்லாம் நல்லவன் என்றால், எங்கள் தமிழ்த்துறையிலே பாதிப் பேருக்குக் கோயில் கட்டியிருக்கணும்! (பலத்த சிரிப்பு) கடிதத்திலே வளருகிற நட்பு வேறு, பரோல் முடிவு வேறு. ஒருத்தரை வெளியே விடலாமா என்று பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள், சட்டம் இருக்கிறது. கடித நண்பருக்கு அங்கே வேலையே இல்லை. மெய்லர் எழுதிக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் இந்த மேடையிலே அவர் பேர் அடிபட்டிருக்காது. அந்த இளைஞனுடைய உயிருக்கு இந்தப் பதில் ஈடாகுமா என்றால், ஆகாது. அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன்.

ஒழுங்காக இதை எப்படிச் செய்கிறார்கள்? 1987 மே 20ஆம் தேதி, மிசிசிப்பி மாநிலத்திலே எட்வர்ட் ஏர்ல் ஜான்சன் என்கிற இளைஞருக்கு நச்சுவாயு அறையிலே மரண தண்டனை. அவருடைய கடைசிப் பதினான்கு நாட்களை பிபிசி படம் பிடித்தது. இங்கிலாந்திலே மக்கள் அதைத் தொலைக்காட்சியிலே பார்த்தார்கள். யான் ஆரியன்ஸ் என்று ஒருவர், படத்திலே வந்த மற்ற மூன்று கைதிகளுக்குக் கடிதம் போட்டார். பதில் வந்ததும் அந்தக் கடிதங்களைப் படித்து அசந்துபோனார். 1988இலே 'லைஃப்லைன்ஸ்' என்று ஓர் அமைப்பே உருவாகிவிட்டது. பார்த்தீர்களா, தொலைக்காட்சி பார்த்ததனாலேயும் உலகத்திலே ஒரு நல்லது நடந்திருக்கிறது! (சிரிப்பு)

இப்படிப்பட்ட அமைப்புகள் சொல்லிக் கொடுப்பது நம் பாட்டி சொல்லுகிற புத்திதான். வீட்டு முகவரி கொடுக்காதே, தபால் பெட்டி எண் கொடு. பணம் கேட்டால் அனுப்பாதே. காதல் கீதல் என்று பேச்சு போனால் நிறுத்திக்கொள். நிறைவேற்ற முடியாத வாக்குக் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மேலே, ஆரம்பித்தால் பாதியிலே விட்டுவிடாதே. இரண்டு கடிதம் போட்டுவிட்டு மூன்றாவது கடிதத்துக்குச் சோம்பல்படுகிறவர், முதல் கடிதமே போடவேண்டாம். வெளியிலே நமக்கு ஒரு கடிதம் வரவில்லையென்றால் தபால்காரரைத் திட்டிவிட்டுப் போவோம். உள்ளே இருக்கிறவன் என்ன செய்வான்? என்னையும் ஒருத்தர் கைவிட்டார் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எழுதின கடிதம் அவர் கைக்குப் போகும் முன்னே இன்னொருவர் படிக்கக்கூடும். பல நாட்டுச் சிறைகளிலும் அது உண்டு. அமெரிக்காவிலே இப்போது அதற்கும் மேலே போய்விட்டார்கள். காகிதத்தைப் போதை மருந்திலே ஊறவைத்து உள்ளே அனுப்புகிறார்கள் என்று காரணம் சொல்லி, பென்சில்வேனியா மாநிலம் 2018இலே ஓர் ஏற்பாடு செய்தது. கைதிக்கு வரும் சாதாரணக் கடிதமெல்லாம் புளோரிடாவிலே இருக்கிற ஒரு தனியார் நிறுவனத்துக்குப் போகும். அங்கே அதை ஸ்கேன் செய்து, நகலைத்தான் கைதிக்குக் கொடுப்பார்கள். வேறு மாநிலங்களிலே கையடக்கக் கணினித் திரையிலே காட்டுகிறார்கள். பிள்ளை கிறுக்கின படம் அப்பாவுக்கு வராது, அதன் நகல் வரும். அம்மா கை பட்ட காகிதம் வராது, அதன் நிழல் வரும். போதை மருந்தைத் தடுக்கணும், சரிதான். ஆனாலும் அந்த நிழலுக்காகவும் ஒருத்தன் காத்திருக்கிறான் என்றால், கடிதத்தினுடைய பெறுமானம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

'அவனுக்கு என்னத்தை எழுதுறது?' என்று சகோதரி கேட்டாங்க. எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் எட்டாவது படிக்கிறபோது எங்கள் தெருவிலே ஒரு அக்கா. வரப்புத் தகராறிலே வெட்டுக்குத்தாகி அவங்க வீட்டுக்காரர் பாளையங்கோட்டை ஜெயில்லே இருந்தார். ஊரிலே யாரும் அந்த வீட்டுக்குப் போகமாட்டார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடமாட்டார்கள். மாசத்துக்கு ஒரு 15 பைசா கார்டு வரும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "ஏலே, வாசிச்சுச் சொல்லுதியா" என்று என்னைத்தான் கூப்பிடும். என்ன எழுதியிருப்பார் தெரியுமா? எருமை கன்னு போட்டுதா, கிடேரியா காளையா, கிணத்திலே எத்தனை படி தண்ணி கிடக்குது, தெக்குத் தெரு வேப்பமரத்தை வெட்டிட்டாங்களாமே நெசந்தானா. இவ்வளவுதான். கேஸைப் பற்றி ஒரு வரி இருக்காது. அவருக்கு வேண்டியது நியாயமோ உபதேசமோ இல்லை, அந்தக் கிணற்றுத் தண்ணி எத்தனை படி என்கிற சேதி. (கைதட்டல்) பதிலையும் நான்தான் எழுதுவேன். 'மூணு படி' என்று அக்கா சொல்லும், அப்படியே எழுதுவேன். மாசம் தவறாமல் அந்த மூணு படியும் நாலு படியும் பாளையங்கோட்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. லூசியானாவானால் என்ன, பாளையங்கோட்டையானால் என்ன, உள்ளே இருக்கிறவனுக்கு இந்த மாதிரிச் சேதிதான் வேணும். உங்கள் தெருவிலே இன்றைக்கு மழை பெய்ததா? அதை எழுதுங்கள். போதும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். ஐயா, நீங்களும் தமிழ் படித்தவர்தானே? (சிரிப்பு) உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இராமல் நண்பர்களாக இருந்தார்கள். சோழன் வடக்கிருந்தபோது, அவர் வருவார், இடம் விட்டு வையுங்கள் என்றான். வந்தாரா இல்லையா? வந்தார். நட்புக்கு நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்ற அவசியமே இல்லை என்பதற்கு, வள்ளுவருக்கு உரை சொன்னவர்கள் இவர்களைத்தானே உதாரணம் காட்டினார்கள்?

சரி, அவர்கள் மன்னனும் புலவரும், கைதிக்கு எங்கே என்பீர்கள். புறநானூற்றிலே 74ஆவது பாட்டை எடுத்துப் பாருங்கள். சேரமான் கணைக்கால் இரும்பொறை, சோழன் செங்கணானிடம் தோற்று, குடவாயிற் கோட்டத்துச் சிறையிலே கிடக்கிறான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர்கள் காலம் தாழ்த்திக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மானம் பொறுக்காமல் அந்தத் தண்ணீரைக் குடிக்காமல், ஒரு பாட்டை மட்டும் சொல்லிவிட்டு உயிரை விட்டான். சிறைக்குள்ளேயிருந்து தமிழிலே வெளியே வந்த முதல் கடிதம் என்று நான் அதைத்தான் சொல்லுவேன். அவனை மீட்பதற்காகத்தான் பொய்கையார் 'களவழி நாற்பது' பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. உள்ளே இருக்கிறவனுக்காக வெளியே இருக்கிற ஒருவர் எழுத்தாணி எடுத்தார்! மணிமேகலையிலே ஒரு காதைக்குப் பெயரே 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'. சோழ மன்னனிடம் அந்தப் பெண் கேட்ட வரம் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. சிறையிலே இருப்பவர்களை விட்டுவிடு, அந்த இடத்தை அறச்சாலை ஆக்கு என்றாள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. எதிரணி பயப்படவேண்டாம், யாரையும் திறந்துவிடச் சொல்லவில்லை. (சிரிப்பு) ஒரு கடுதாசி போடச் சொல்கிறேன்.

நடுவர் மணி மேலே கையை வைத்துவிட்டார். ஒரே ஒரு கணக்கு, அதோடு முடித்துக்கொள்கிறேன் ஐயா.

மூன்று மணி நேரமாக எதிரணியிலே மூன்று பேரும் 'குற்றவாளி, குற்றவாளி' என்றே பேசினார்கள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன், நாற்பதுக்கு மேலே போனதும் விட்டுவிட்டேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட கணக்குப்படி, 2022ஆம் ஆண்டு முடிவிலே இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர். அதிலே விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302 பேர். நாலு பேரிலே மூன்று பேர்! வழக்கு முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை. ஜாமீன் கிடைத்தும் பிணை கட்ட ஆள் இல்லாமல் இருப்பவர்கள் அதிலே உண்டு. நாளைக்கே 'நீ நிரபராதி' என்று வெளியே அனுப்பப்படப் போகிறவர்கள் அதிலே உண்டு. அந்த நாலு லட்சத்துச் சொச்சம் பேரைக் குற்றவாளி என்று இந்த நாட்டிலே எந்த நீதிபதியும் இன்னும் சொல்லவில்லை. எங்கள் எதிரணி சொல்லிவிட்டது. (பலத்த கைதட்டல்) நடுவர் அவர்களே, அந்தத் தீர்ப்பை மட்டுமாவது நீங்கள் இன்றைக்கு ரத்து செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். (கைதட்டல்)